எல்லையில் போர்ப் பயிற்சி: போருக்கு முன்னோட்டமா, வழக்கமான ஒத்திகையா? கள்ளக்குறிச்சி மேப்பை வைத்து ஓர் எளிய விளக்கம்

'எல்லையில் முப்படைகளும் பயிற்சி' என்று ஒரு செய்தி வந்தால் போதும். அடுத்த பத்து நிமிஷத்தில் 'போர் ஆரம்பிச்சிடுச்சு' என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்துவிடும்.

குஜராத்தின் சர் க்ரீக்கும் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரும் கள்ளக்குறிச்சியில் இருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. ஆனால் பிள்ளையையோ கணவரையோ ராணுவத்துக்கு அனுப்பிவிட்டு இருக்கும் வீட்டுக்கு அந்தத் தூரம் பெரிதாகத் தெரியாது. சின்னசேலமோ, சங்கராபுரமோ, செல்போன் சிக்னலே சரியாகக் கிடைக்காத கல்வராயன் மலை கிராமமோ, எங்கே இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். இது வெறும் பயிற்சியா, இல்லை வேறு ஏதாவது நடக்கப் போகிறதா?

இதைத் தெரிந்துகொள்ள மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். எதிர்த் தரப்புக்கு முன்கூட்டியே சொன்னார்களா? எல்லையில் இருந்து எவ்வளவு தூரத்தில் நடக்கிறது? முடிந்ததும் படைகள் முகாமுக்குத் திரும்பினவா? இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சாதாரணப் பயிற்சி போர் வாசல் வரை போய்விடும். அப்படி ஒரு முறை நடந்தும் இருக்கிறது. அப்போது இந்திய ராணுவத்துக்குத் தலைமை வகித்தவர் செங்கல்பட்டில் பிறந்த ஒரு தமிழர்.

போர்ப் பயிற்சி எதுக்கு?

துப்பாக்கி சுடுவதை முகாமிலேயே பழகிக்கொள்ளலாம். ஆனால் ஆயிரக்கணக்கான வீரர்கள், டாங்கிகள், பீரங்கிகள், விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நகரும்போது வரும் சிக்கல்களை முகாமுக்குள் பார்க்க முடியாது. டீசல் சரியான இடத்துக்கு வந்து சேருகிறதா? தரைப்படை கேட்ட நேரத்தில் விமானம் வருகிறதா? ரேடியோ தொடர்பு அறுந்தால் அடுத்த உத்தரவு யார் கொடுப்பது? இதையெல்லாம் திறந்த வெளியில் செய்து பார்த்தால்தான் ஓட்டைகள் தெரியும்.

ராஜஸ்தானில் பொக்ரான், மகாஜன் போன்ற பெரிய சுடுதளங்கள் இருக்கின்றன. போர் வந்தால் எந்த நிலத்தில் சண்டை நடக்குமோ, அதே மாதிரி மணலிலும் வெயிலிலும் பழக வேண்டும் என்பதால்தான் பல பயிற்சிகள் எல்லை மாநிலங்களிலேயே நடக்கின்றன.

பக்கத்து நாடு ஏன் பயப்படுகிறது?

பயிற்சிக்குச் செய்யும் ஏற்பாடும் படையெடுப்புக்குச் செய்யும் ஏற்பாடும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ரயிலில் டாங்கிகள் வரும். எரிபொருள், வெடிமருந்து சேரும். விடுப்பில் போனவர்கள் திரும்ப அழைக்கப்படலாம். செயற்கைக்கோள் படத்தில் டாங்கி தெரியும். அது எதற்காக வந்தது என்பது தெரியாது.

அதனால் எதிர்த் தரப்பு, 'எதுக்கும் தயாரா இருப்போம்' என்று தன் படையையும் நகர்த்தும். அதைப் பார்த்து இந்தத் தரப்பு இன்னும் கொஞ்சம் நகர்த்தும். இரண்டு பேருக்குமே போர் செய்யும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் எல்லையில் இரண்டு பெரிய படைகள் நேருக்கு நேர் வந்து நின்றுவிடும்.

1987-ல் என்ன நடந்தது?

1986 பிப்ரவரியில் ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி ராணுவத் தளபதியாகப் பொறுப்பேற்றார். டாங்கிகளையும் கவச வாகனங்களையும் வைத்து வேகமாகப் பாயும் போர் முறையில் அவருக்கு நம்பிக்கை அதிகம். அதைச் சோதித்துப் பார்க்க ராஜஸ்தானில் 'பிராஸ்டாக்ஸ்' என்ற மாபெரும் பயிற்சி திட்டமிடப்பட்டது. 1986 நவம்பரில் தீவிரமடைந்து 1987 மார்ச் வரை நீண்ட அந்தப் பயிற்சியில் லட்சக்கணக்கான வீரர்கள் பங்கேற்றார்கள். இந்தியா அதுவரை நடத்தியதிலேயே பெரிய பயிற்சிகளில் அதுவும் ஒன்று.

அப்போது பாகிஸ்தானில் ஜெனரல் ஜியா உல் ஹக்கின் ஆட்சி. 'இவ்வளவு பெரிய படை எதற்கு, எந்தத் திசையில் நகரும்?' என்ற கேள்விக்கு இஸ்லாமாபாத்துக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. பாகிஸ்தானும் தன் பயிற்சிகளை நடத்தியது. ஆனால் அவை முடிந்த பிறகும் படைகளை முகாமுக்குத் திருப்பி அனுப்பாமல் எல்லைப் பக்கமே வைத்துக்கொண்டது. அதில் ஒரு பகுதி பஞ்சாப் எல்லையை நோக்கி நகர்ந்தது.

இப்போது பதறுவது டெல்லியின் முறை. 1987 ஜனவரி கடைசியில் இந்தியா பஞ்சாப் எல்லைக்கு அவசரமாகக் கூடுதல் படைகளை அனுப்பியது. அதே வாரத்தில், ஜனவரி 28-ம் தேதி, பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ.கான் இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாருக்கு ஒரு பேட்டி கொடுத்தார். பாகிஸ்தானிடம் அணுகுண்டு இருக்கிறது என்று உணர்த்திய பேட்டி அது. மார்ச் மாதம் அது வெளியானது.

பிரச்சினையைத் தீர்த்தது பேச்சுவார்த்தைதான். பாகிஸ்தான் வெளியுறவுச் செயலாளர் அப்துல் சத்தார் டெல்லி வந்தார். பிப்ரவரி 4-ம் தேதி, ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை, படைகளைப் படிப்படியாகத் திரும்பப் பெறுவது என்று உடன்பாடு ஆனது. அந்த மாதமே ஜியா உல் ஹக் கிரிக்கெட் டெஸ்ட் பார்க்க ஜெய்ப்பூர் வந்தார். 'கிரிக்கெட் ராஜதந்திரம்' என்று பத்திரிகைகள் எழுதியது இதைத்தான்.

பிராஸ்டாக்ஸ் உண்மையிலேயே பயிற்சிதானா, இல்லை அதற்குப் பின்னால் வேறு திட்டம் இருந்ததா என்று ராணுவ வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஒரு பாடத்தை மட்டும் இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டன. சொல்லாமல் செய்தால் எதிரி மோசமானதைத்தான் கற்பனை செய்வான்.

அந்தப் பாடத்தில் வந்த விதிகள் என்ன?

1991 ஏப்ரல் 6-ம் தேதி இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஒன்று, ராணுவப் பயிற்சிகளையும் படை நகர்வுகளையும் முன்கூட்டியே தெரிவிப்பது பற்றியது. இன்னொன்று, வான் எல்லை மீறலைத் தடுப்பது பற்றியது. பாலிஸ்டிக் ஏவுகணை சோதனையை முன்கூட்டியே அறிவிக்கும் ஒப்பந்தம் 2005 அக்டோபர் 3-ல் கையெழுத்தானது.

இந்த ஒப்பந்தங்களில் நிறைய கிலோமீட்டர் கணக்குகள் வருகின்றன. எளிதாகப் புரிய, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம்தான் எல்லைக் கோடு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாமே நேர்கோட்டுத் தூரம், தோராயக் கணக்கு.

5 கி.மீ: டிவிஷன் அளவிலான தரைப்படைப் பயிற்சியோ அதைவிடப் பெரியதோ இதற்குள் நடக்கக் கூடாது. டிவிஷன் என்றால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கொண்ட பெரிய படைப் பிரிவு. கள்ளக்குறிச்சி நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

10 கி.மீ: போர் விமானங்கள் எதிர்நாட்டு வான் எல்லைக்கு இதைவிட நெருக்கமாகப் பறக்கக் கூடாது. சின்னசேலம் போய்ச் சேர்வதற்கு முன்பே இந்த வட்டம் முடிந்துவிடும். கேட்க 10 கிலோமீட்டர் பெரிதாகத் தெரியலாம். ஒரு போர் விமானம் அதை ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும்.

40 கி.மீ: சோதனைக்காகப் பாலிஸ்டிக் ஏவுகணையை ஏவும் இடம் இதற்குள் இருக்கக் கூடாது. கிழக்கே உளுந்தூர்பேட்டையும், மேற்கே கல்வராயன் மலையில் வெள்ளிமலையும் இந்த வட்டத்துக்குள் அடங்கும்.

75 கி.மீ: அந்த ஏவுகணை விழும் இடம் இதற்கு வெளியேதான் இருக்க வேண்டும். திருவண்ணாமலையும் விழுப்புரமும் வட்டத்துக்குள் வரும். சேலம் வெளியே நிற்கும். சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே தகவல் சொல்லிவிட வேண்டும்.

150 கி.மீ: உள்நாட்டுப் பாதுகாப்பு வேலைக்காகக்கூட, டிவிஷன் அளவில் கூடுதல் படை இதற்குள் வந்தால், முடிந்தவரை இரண்டு நாள் முன்பே எதிர்த் தரப்புக்குச் சொல்ல வேண்டும். திருச்சி இதற்குள் வரும். காஞ்சிபுரம் ஏறக்குறைய விளிம்பில் நிற்கும்.

இதோடு இன்னொரு முக்கியமான விதியும் உண்டு. பெரிய பயிற்சி நடந்தால் அதில் முக்கியப் படை பாயும் திசை எதிர்நாட்டை நோக்கி இருக்கக் கூடாது. பயிற்சி எவ்வளவு பெரியதோ, அவ்வளவு சீக்கிரமாகத் தூதரக வழியில் எழுத்துபூர்வமாக அறிவிக்க வேண்டும்.

விதிகளில் ஓட்டையே இல்லையா?

இருக்கிறது. 2005 ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும்தான். தாழ்வாகப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணைகள் அதில் சேரவில்லை. 2022 மார்ச் 9-ம் தேதி இந்தியாவின் பிரம்மோஸ் குரூஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு பகுதியில் விழுந்தது. வெடிபொருள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. இந்தியா வருத்தம் தெரிவித்தது. விசாரணைக்குப் பிறகு விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

1991-ல் டிரோன்கள் இந்த அளவுக்கு இல்லை. 2025 மே மோதலில் இரு தரப்பும் டிரோன்களைப் பெரிய அளவில் பயன்படுத்தின. பழைய விதிகள் எழுதப்பட்ட காலமும் இன்றைய ஆயுதங்களும் வேறு வேறு.

சீன எல்லையில் நிலைமை என்ன?

அங்கேயும் விதி இருக்கிறது. 1996 நவம்பரில் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சுமார் 15,000 வீரர்களுக்கு மேல் பங்கேற்கும் பயிற்சியை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகில் தவிர்க்க வேண்டும். சுமார் 5,000 பேருக்கு மேல் என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

2020-ல் இந்த விதிகள் காப்பாற்றவில்லை. வழக்கமான ஆண்டுப் பயிற்சிக்கு வந்த சீனப் படைகள் லடாக் எல்லைப் பக்கம் திருப்பிவிடப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாகின. ஜூன் 15-ம் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. பிறகு அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. எல்லையில் ஒரு விதி உடைந்தால் அதன் விலை தமிழ்நாட்டின் ஒரு கிராமத்து வீட்டில் வந்து விழும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மற்ற நாடுகளில்?

ஐரோப்பாவில் 'வியன்னா ஆவணம்' என்று ஒன்று இருக்கிறது. 9,000 வீரர்களுக்கு மேல் பங்கேற்கும் பயிற்சியை 42 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். 13,000-ஐத் தாண்டினால் மற்ற நாட்டுப் பார்வையாளர்களையும் அழைக்க வேண்டும்.

ஆனால் 2022 பிப்ரவரியில் என்ன ஆனது? ரஷ்யாவும் பெலாரஸும் பிப்ரவரி 10 முதல் 20 வரை கூட்டுப் பயிற்சி என்று அறிவித்தன. 20-ம் தேதி வந்தது. படைகள் திரும்பவில்லை. 24-ம் தேதி யுக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்தது. அதனால்தான் 'பயிற்சி எப்போது தொடங்குகிறது' என்பதைவிட 'சொன்ன தேதியில் முடிந்ததா' என்ற கேள்வியை ராணுவ நோக்கர்கள் உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள்.

2025 'திரிசூல்' எப்படி நடந்தது?

2025 ஏப்ரல் 22-ல் பஹல்காம் தாக்குதல். மே 7-ல் ஆபரேஷன் சிந்தூர். மே 10-ல் சண்டை நிறுத்தம். இதற்குப் பிறகு அக்டோபர் கடைசியில் குஜராத், ராஜஸ்தான் எல்லையை ஒட்டிய வான்பரப்புக்கு இந்தியா 'நோட்டாம்' வெளியிட்டது. நோட்டாம் என்றால் விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்த உயரம் வரை, இந்தப் பகுதியில் பறக்க வேண்டாம் என்று உலகத்துக்கே சொல்வது.

அதில் குறிப்பிட்ட தேதி அக்டோபர் 30 முதல் நவம்பர் 10 வரை. உயரம் 28,000 அடி வரை. முப்படைகளும் சேர்ந்த அந்தப் பயிற்சியின் பெயர் 'திரிசூல்'. பாலைவனத்திலும், சர் க்ரீக் பகுதியிலும், அரபிக் கடலிலும் நடந்தது. சௌராஷ்டிரா கடற்கரையில் கப்பலில் இருந்து படைகள் கரையேறும் ஒத்திகையும் இருந்தது.

பதற்றத்துக்குக் காரணம் இடம்தான். சர் க்ரீக் என்பது குஜராத்துக்கும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்கும் நடுவே இருக்கும் 96 கிலோமீட்டர் நீளக் கழிமுகம். எல்லைக் கோடு எங்கே போகிறது என்பதில் இரண்டு நாடுகளுக்கும் பல பத்தாண்டுகளாகத் தகராறு. பயிற்சிக்குச் சில வாரம் முன்பு, அக்டோபர் 2-ம் தேதி, பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் குஜராத்தின் பூஜ் நகரில் பேசும்போது, கராச்சிக்குப் போகும் ஒரு வழி இந்தக் கழிமுகம் வழியாகத்தான் போகிறது என்று எச்சரித்திருந்தார். இந்தியாவின் அறிவிப்பைப் பார்த்ததும் பாகிஸ்தானும் தன் வான்பாதைகள் சிலவற்றைக் கட்டுப்படுத்தியது.

பெரிய பயிற்சி, பிரச்சினைக்குரிய இடம், சூடான பேச்சு எல்லாம் இருந்தும் பயிற்சி மோதலாக மாறவில்லை. தேதி, இடம், உயரம் எல்லாம் முன்கூட்டியே வெளியாகியிருந்தன.

தமிழ்நாட்டிலும் பயிற்சி நடக்கிறதா?

நடக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் கோவை சூலூர் விமானப்படைத் தளத்தில் 'தரங் சக்தி' பன்னாட்டுப் பயிற்சி நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்தன. இங்கே யாரும் பதறவில்லை. காரணம் எளிது. சூலூருக்குப் பக்கத்தில் பகை நாட்டு எல்லை கிடையாது.

2025 மே 7-ம் தேதி நாடு முழுவதும் 'ஆபரேஷன் அப்யாஸ்' என்ற பெயரில் நடந்தது வேறு வகை ஒத்திகை. அது ராணுவத்துக்கானது இல்லை, பொதுமக்களுக்கானது. விமானத் தாக்குதல் நடந்தால் சைரன் ஒலிப்பது, மக்களை வெளியேற்றுவது, காயம்பட்டவர்களை மீட்பது போன்றவை. தமிழ்நாட்டில் சென்னையும், அணுமின் நிலையம் இருக்கும் கல்பாக்கமும் இதில் இருந்தன. கள்ளக்குறிச்சி பட்டியலில் இல்லை.

பயிற்சியில் வயல் சேதமானால் யார் பொறுப்பு?

எல்லை மாநில விவசாயிகளுக்கு இது அன்றாடக் கேள்வி. இதற்கு 1938-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பகுதியில் பயிற்சி, எந்தக் காலத்தில் என்று மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சுடும் பயிற்சி என்றால் அந்தப் பகுதியில் இருந்து மக்களைத் தற்காலிகமாக வெளியேற்றலாம். சேதம் ஏற்பட்டால் வருவாய்த் துறை அதிகாரிகள் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மக்காச்சோளக் காட்டிலோ மரவள்ளித் தோட்டத்திலோ ராணுவ வண்டி ஏறினால் என்ன விதியோ, அதே விதிதான் ராஜஸ்தான் கடுகு வயலுக்கும்.

வாட்ஸ்அப்பில் 'போர்' என்று வந்தால் எதைப் பார்க்கணும்?

முதலில், நோட்டாம் வெளியானதா என்று பாருங்கள். தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்ட அறிவிப்பு இருந்தால் அது பெரும்பாலும் திட்டமிட்ட பயிற்சியாக இருக்கும்.  ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகும் படைகள் அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, 'டிஜிஎம்ஓ' ஹாட்லைன் வேலை செய்கிறதா? இரு நாட்டு ராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் தொலைபேசி அது. 2025 மே 10-ம் தேதி பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தான் அதிகாரி இந்திய அதிகாரியை அழைத்த பிறகுதான், மாலை 5 மணியில் இருந்து சண்டையை நிறுத்த முடிவானது.

மூன்றாவது, வீடியோ எப்போது எடுத்தது? பழைய பயிற்சிக் காட்சிகளும் வீடியோ கேம் காட்சிகளும் 2025 மே மாதத்தில் போர்க் காட்சிகளாகப் பரவின. பாதுகாப்பு அமைச்சகமோ மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவோ சொல்லாத எதையும் ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒரு முறை யோசிப்பது நல்லது.

ராணுவக் குடும்பங்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக் களத்தில் செல்போன் பயன்படுத்தக் கட்டுப்பாடு இருக்கும். சில நாள் போன் வராததை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். வீரர் எந்த ஊரில், எந்தப் படைப் பிரிவில், எங்கே நகர்கிறார் என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது அவருக்கே ஆபத்து. உதவி தேவைப்பட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பெயரில் 'முன்னாள்' இருந்தாலும், பணியில் இருக்கும் வீரர்களின் குடும்பங்களுக்கும் அது உதவுகிறது.

இந்த விதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா?

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா சிந்து நதி நீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான், சிம்லா ஒப்பந்தம் உட்பட எல்லா இருதரப்பு ஒப்பந்தங்களையும் நிறுத்திவைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அறிவித்தது.

அதே நேரம் எல்லாமே அறுந்துவிடவில்லை. மே மோதல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2025 ஜூலை 1-ம் தேதி இரண்டு நாடுகளும் தங்கள் சிறைகளில் இருக்கும் கைதிகள், மீனவர்களின் பட்டியலை வழக்கம் போல் பரிமாறிக்கொண்டன. மிகப் பெரிய பகைக்கு நடுவிலும் இப்படிச் சில தாள்கள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன.

1987-ல் டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் நடுவே முன்னறிவிப்பு விதி எதுவும் கிடையாது. அந்த ஒரு குறை லட்சக்கணக்கான வீரர்களை நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்தியது. இன்று விதி இருக்கிறது. அடுத்த முறை எல்லையில் பயிற்சி என்ற செய்தி வரும்போது எத்தனை டாங்கிகள் என்று எண்ணுவதோடு, முன்கூட்டியே சொன்னார்களா, சொன்ன தேதியில் முடித்தார்களா என்றும் பாருங்கள். வெள்ளிமலையில் சிக்னல் தேடி அலையும் ஒரு தாய்க்குத் தேவையான பதில் அங்கேதான் இருக்கிறது.